மதுரையில் புதிய பிக்கப் வண்டிக்கு விலை பேசுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

புதிய சரக்கு வண்டிக்கு நல்ல விலை கிடைப்பது பெரும்பாலும் நாம் எதை எந்த வரிசையில் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது. தள்ளுபடி, கடன், பழைய வண்டி, இன்சூரன்ஸ் ஆகிய நான்கையும் ஒரே மேசையில் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால், ஒன்றில் கொடுத்ததை மற்றொன்றில் திரும்ப எடுத்துக்கொள்வது விற்பனையாளருக்கு மிக எளிது. உறவினர்களுக்கும் சந்தை வியாபாரிகளுக்கும் துணையாக மதுரை ஷோரூம்களில் உட்கார்ந்து பார்த்ததில், பேசத் தெரியாமல் பணத்தை விட்டவர்களை விட வரிசை தவறிப் பேசி விட்டவர்களே அதிகம். ஆகவே கீழே உள்ள படிகளை அதே வரிசையில் பின்பற்றுங்கள்; ஒவ்வொன்றும் அடுத்ததற்கு வேண்டியதைத் தயார் செய்து தருகிறது.

1. கிளம்புவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

பான் அட்டை, ஆதார், முகவரிச் சான்று, கடைசி ஓராண்டு வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்பவராயின் அதன் நகல், ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அதன் சான்றிதழ், தொழிலைச் சிறு, குறு தொழில்களுக்கான அரசின் உத்யம் தளத்தில் பதிந்திருந்தால் அந்தச் சான்றிதழ். இவற்றை ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவை பேரத்துக்கு எதற்கு என்று தோன்றலாம். காகிதம் தயாராக உள்ளவர் இந்த மாதக் கணக்கிலேயே முடியக்கூடிய வாடிக்கையாளர் என்பதை விற்பனையாளர் உடனே புரிந்துகொள்வார். அப்படிப்பட்டவருக்காகத்தான் அவர் மேலாளரிடம் போய்ப் பேசுவார்.

2. எவ்வளவு சுமை ஏற்றுவீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

வண்டியைப் பார்த்த பிறகு சுமையை யோசிப்பவர்கள், ஷோரூமில் இருப்பில் நிற்கும் வண்டியைத் தமக்குத் தேவையான வண்டி என்று நம்பிவிடுகிறார்கள். பரவை மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றுபவருக்கும் கப்பலூர் தொழிற்பேட்டையிலிருந்து இரும்பு ஏற்றுபவருக்கும் ஒரே வண்டி பொருந்தாது. டாடா இன்ட்ராவில் வி30 ரகம் 1,300 கிலோவும் வி50 ரகம் 1,500 கிலோவும் தாங்கும். மஹிந்திரா பொலேரோ மேக்ஸ் பிக்கப் வரிசை 1.3 டன்னிலிருந்து 2 டன் வரை செல்கிறது.

வண்டியின் மொத்த எடை, அதாவது வண்டியும் சரக்கும் சேர்ந்த எடை, 3,000 கிலோவைத் தாண்டாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டப்படி சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. தாண்டினால் பெர்மிட் எடுக்க வேண்டும். ஆண்டுதோறும் ஆகும் செலவுக் கணக்கும் மாறும். இரண்டு ரகங்களுக்கு இடையே விலை வித்தியாசம் சிறிதாகத் தெரியும்போது, இந்த எண்ணை விவரத் தாளில் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். சிறியதை வாங்கி மிகையாக ஏற்றிக்கொள்ளலாம் என்ற யோசனையும் வேண்டாம். மிகைப் பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாயில் தொடங்குகிறது, கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் அதன் மேல் சேரும்.

பாடியுடன் முழுமையாக வரும் வண்டி வேண்டுமா, கேபின் சேசிஸ் (பின்புறத் தொட்டி இல்லாத வண்டி) வாங்கி வெளியே பட்டறையில் தொட்டி கட்டுவதா என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். ஒரு கொட்டேஷன் பாடியுடனும் மற்றொன்று பாடி இல்லாமலும் இருந்தால் அவற்றை ஒப்பிடவே முடியாது. வெளியே கட்டினால் தற்காலிகப் பதிவு, ஆர்டிஓ ஆய்வு, பட்டறையில் வண்டி நிற்கும் நாட்களின் வருமான இழப்பு ஆகியவற்றையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

3. கடனை ஷோரூமுக்கு வெளியே முதலில் பேசி வையுங்கள்

அதிகப் பணம் போகும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

விற்பனையாளரின் முதல் கேள்வி அநேகமாக இப்படித்தான் இருக்கும்: “அண்ணே, மாசம் எவ்வளவு டியூ கட்ட முடியும்னு மட்டும் சொல்லுங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன்.” இதற்கு ஒரு தொகையைச் சொல்லிவிட்டால் அன்றைய பேரம் அங்கேயே முடிந்துவிடும். ஏனெனில் டியூவை எந்தத் தொகைக்கு வேண்டுமானாலும் கொண்டுவரலாம். தவணைக் காலத்தை நீட்டினால் போதும். 8 லட்சம் ரூபாய் கடனுக்கு 7 சதவீத ஃபிளாட் வட்டியில் 48 மாதத் தவணை ஏறத்தாழ 21,333 ரூபாய். அதையே 60 மாதமாக்கினால் 18,000 ரூபாய். மாதம் மூவாயிரத்துக்கு மேல் குறைந்த மகிழ்ச்சியில், மொத்த வட்டி 2,24,000 ரூபாயிலிருந்து 2,80,000 ரூபாயாக உயர்ந்தது கண்ணில் படாது. ஷோரூமில் போராடி வாங்கும் தள்ளுபடி பல நேரங்களில் இந்த 56,000 ரூபாயைக் கூட எட்டுவதில்லை.

ஃபிளாட் வட்டி என்பது, நீங்கள் மாதந்தோறும் அசலைக் கட்டிக் குறைத்துவந்தாலும், கடைசி மாதம் வரை முழு அசலுக்கும் வட்டி போடும் கணக்கு. மேலே சொன்ன 7 சதவீத ஃபிளாட் வட்டி, வங்கிகள் சொல்லும் குறையும் நிலுவைக் கணக்கில் ஏறத்தாழ 12.7 சதவீதத்துக்குச் சமம். அதே 8 லட்சத்துக்கு ஒரு வங்கி 10 சதவீதம் குறையும் நிலுவையில் கொடுத்தால் 48 மாதத் தவணை ஏறத்தாழ 20,290 ரூபாய்தான்; மொத்தத்தில் சுமார் 50,000 ரூபாய் மிச்சம். 7-ஐ விட 10 பெரிது என்று நினைத்து வங்கியை விட்டுவந்தவர்கள் உண்டு. எனவே எவரிடம் பேசினாலும் வட்டி எத்தனை சதவீதம் என்று கேட்டதோடு நிறுத்தாமல், “ஃபிளாட்டா, குறையும் நிலுவையா, மொத்தமாக நான் திருப்பிக் கட்டும் தொகை எவ்வளவு” என்று கேளுங்கள்.

உங்கள் கணக்கு இருக்கும் வங்கியிலும், சரக்கு வண்டிக் கடன் தரும் ஒரு நிதி நிறுவனத்திலும் முன்கூட்டியே பேசி, தொகை, வட்டி, பரிசீலனைக் கட்டணம், முன்கூட்டி அடைத்தால் அபராதம் ஆகிய நான்கையும் எழுதி வாங்குங்கள். சரக்கு வண்டி முத்ரா கடனுக்குள்ளும் வரும். வங்கி மேலாளரிடம் அதைக் கேட்டுப்பாருங்கள். அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஷோரூமுக்குச் செல்லுங்கள். அதைக் காட்டும் நேரம் 8ஆம் படியில் வரும்.

4. போகும் காலத்தைத் தேர்ந்தெடுங்கள்

டீலர் இருப்பில் வைத்திருக்கும் வண்டிகளுக்குப் பெரும்பாலும் கடன் வாங்கித்தான் பணம் கட்டியிருப்பார். வண்டி நிற்கும் ஒவ்வொரு வாரமும் அவருக்கு வட்டி ஓடும். விற்பனையாளர்களுக்கோ மாத இலக்கு உண்டு. ஆகவே மாதத்தின் கடைசி வாரம், அதிலும் காலாண்டு முடியும் மாதங்களின் கடைசி வாரம், பேசுவதற்கு ஏற்றது.

நம் ஊரில் இதோடு வேறொரு கணக்கும் சேர்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் புது வண்டி எடுக்கப் பலரும் தயங்குவதால், ஆடிப்பெருக்கு நாளைத் தவிர ஷோரூம்கள் வெறிச்சோடிக் கிடக்கும். ஆயுத பூஜை, விஜயதசமி, தை பிறப்பு ஆகியவற்றையொட்டி வாங்கும் கூட்டம் வரிசையில் நிற்கும்போது தள்ளுபடி கேட்டால் சிரித்துவிட்டுப் போவார்கள். மார்கழி ஆங்கில ஆண்டின் முடிவோடு சேர்ந்து வருகிறது. ஆண்டு மாறினால் பழைய ஆண்டுத் தயாரிப்பாகிவிடும் வண்டிகளை டிசம்பருக்குள் தள்ளிவிட டீலர் துடிப்பார். நாள் பார்க்கும் வழக்கம் உள்ளவர்கள் மார்கழியில் விலையை முடித்து எழுதி வாங்கிக்கொண்டு தையில் வண்டி எடுக்கலாம். ஆனால் தள்ளுபடி எந்தத் தேதிக்குள் இன்வாய்ஸ் போட்டால் செல்லும் என்பதைத் தாளில் குறிக்கச் சொல்ல வேண்டும். பழைய ஆண்டு வண்டியை ஜனவரியில் எடுத்தால், பின்னாளில் விற்கும்போது ஓராண்டு கூடுதலாகவே கணக்கிடுவார்கள் என்பதால், அந்த இழப்பை ஈடுகட்டும் அளவுக்குத் தள்ளுபடி கிடைக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. “வெள்ளிக்கிழமை நல்ல நாள், அன்னைக்கு பாண்டி கோவில்ல பூஜை போடணும்” என்று விலை முடியும் முன் சொல்லாதீர்கள். நாள் குறித்தவர் எழுந்து போகமாட்டார் என்பது எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும்.

5. கொட்டேஷனை எழுத்தில், வெவ்வேறு டீலர்களிடம் வாங்குங்கள்

ஒரே கம்பெனியின் இரண்டு டீலர்களிடமும், போட்டிக் கம்பெனியின் ஒரு டீலரிடமும் கேளுங்கள். மதுரையில் ஒருவர்தான் இருந்தால் திண்டுக்கல், விருதுநகர், தேனி என்று போகலாம். மாநிலத்தின் எந்தப் பதிவு அலுவலகத்திலும் பதியலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் வழி செய்திருப்பதால், வெளியூரில் வாங்கினால் டிஎன் 58, 59, 64 கிடைக்காது என்ற அச்சம் தேவையில்லை.

வாய்வார்த்தை விலைக்கு மதிப்பில்லை. தாளில் ரகத்தின் முழுப் பெயர், தயாரிப்பு மாதமும் ஆண்டும், ஒவ்வொரு செலவும் தனித்தனி வரியில், செல்லுபடியாகும் தேதி ஆகியவை இருக்க வேண்டும். “மொத்தமா ஆன்ரோடு இவ்வளவு” என்று ஒரே எண்ணை எழுதித் தந்தால் பணிவாகத் திருப்பிக் கொடுத்து, பிரித்து எழுதச் சொல்லுங்கள். எந்த எண் குறையும், எந்த எண் குறையாது என்பது பிரித்த பிறகுதான் தெரியும்.

6. கொட்டேஷனை வரி வரியாகப் படியுங்கள்

எக்ஸ்ஷோரூம் விலை (பதிவு, இன்சூரன்ஸ் சேராத வண்டி விலை): இதில் ஜிஎஸ்டி அடங்கியிருக்கிறது. சரக்கு வண்டிகளுக்கு 28 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். நீங்கள் ஜிஎஸ்டி பதிவு பெற்று, சிமென்ட், ஹார்டுவேர் போன்ற வரி உள்ள பொருள்களை விற்பவராயின், சரக்கு வண்டிக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரிக் கழிவாகப் பெற, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள முடியும்; காருக்குக் கிடைக்காத சலுகை இது. 9 லட்சம் ரூபாய் வண்டியில் அது ஏறத்தாழ 1,37,000 ரூபாய். எந்தப் பேரத்திலும் இவ்வளவு குறையாது. ஆனால் இன்வாய்ஸ் உங்கள் தொழிலின் பெயரிலும் ஜிஎஸ்டி எண்ணுடனும் இருக்க வேண்டும். கழிவு பெற்ற வரித் தொகைக்குத் தேய்மானம் கோரக் கூடாது. காய்கறி, வாழைப்பழம் போன்ற வரி விலக்குள்ள பொருள்களை மட்டும் விற்பவருக்கு இது பொருந்தாது. ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, யார் பெயரில் வண்டி எடுப்பது என்பதை முடிவு செய்யுங்கள்.

டிசிஎஸ் (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி): வண்டி விலை 10 லட்சத்தைத் தாண்டினால் முழு விலைக்கும் 1 சதவீதம் வசூலிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் இதை வரவு வைத்துக்கொள்ளலாம் என்பதால் இது செலவு அல்ல. எனினும் 10,12,000 ரூபாய் வண்டிக்குக் கிடைக்கும் 15,000 ரூபாய் தள்ளுபடியை இன்வாய்ஸிலேயே கழித்தால் விலை 10 லட்சத்துக்குக் கீழே வந்து, இந்த வரியே காணாமல் போகும்.

ஆர்டிஓ செலவு: சாலை வரியும் பதிவுக் கட்டணமும் அரசு நிர்ணயித்தவை, இவற்றில் பேரம் கிடையாது. ஆனால் கொட்டேஷனில் இந்த எண் முழு ஆயிரமாக உருண்டு நின்றால், அதற்குள் வேறு ஏதோ உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். அரசின் வாகனப் பதிவுத் தளமான வாகன் தளத்தில் கட்டிய தொகைக்கு ரசீது வரும். அதில் உள்ள தொகையை மட்டுமே தருவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்சூரன்ஸ்: மூன்றாம் நபர் காப்பீட்டுப் பிரீமியம் எல்லாக் கம்பெனியிலும் ஒன்றே, 2022 ஜூன் மாத வீதப்படி 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டிக்கு 16,049 ரூபாய், வரி தனி. சொந்தச் சேதத்துக்கான பகுதியில்தான் தள்ளுபடி ஒளிந்திருக்கும். வெளியே ஒரு முகவரிடம் அதே ஐடிவிக்கு (வண்டி முழுதும் போனால் காப்பீடு தரும் உச்சத் தொகை) விலை கேட்டால் வித்தியாசம் தெரியும். புது வண்டிக்கு ஐடிவி வழக்கமாக எக்ஸ்ஷோரூம் விலையில் 95 சதவீதம். அதைக் குறைத்துக் காட்டிப் பிரீமியம் மலிவு என்பவரிடம் கவனமாக இருங்கள். சரக்கு வண்டிக்கு ஐஎம்டி 23 என்ற சேர்க்கை உண்டா என்பதையும் பாருங்கள். அது இல்லையெனில் விளக்கு, பம்பர், மட்கார்டு, பெயின்ட் ஆகியவற்றின் சேதத்துக்குப் பணம் வராது. இந்தச் சேர்க்கையை எடுத்துவிட்டுத்தான் பல மலிவு விலைகள் தயாராகின்றன. ஷோரூம் சொல்லும் கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

ஹேண்ட்லிங், டிப்போ, லாஜிஸ்டிக்ஸ்: பெயர் எதுவாக இருந்தாலும் சட்டம் கேட்கும் தொகை அல்ல. முழுமையாக நீக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் நீக்குவார்கள்.

ஆக்சஸரீஸ்: சீட் கவர், மேட், மட்ஃபிளாப் ஆகியவை ஒரே கட்டாகச் சில ஆயிரங்களுக்குச் சேர்க்கப்பட்டிருக்கும். வேண்டியதை வெளியே வாங்கிக்கொள்ளலாம். நீட்டிக்கப்பட்ட வாரன்டி வேண்டுமென்றால், அதைப் பெரும்பாலும் முதல் வாரன்டி முடிவதற்குள் பின்னரும் எடுக்க முடியும். அன்றே முடிவெடுக்க வேண்டியதில்லை.

7. இப்போது விலை பேசுங்கள்

கூட்டமாகப் போகாதீர்கள். விலை முடியும் முன்பே கூட வந்த தாய்மாமன் கதவைத் திறந்து மூடிப் பார்த்து, “வண்டி நல்லாத்தான்ப்பா இருக்கு, எடுத்துரு” என்று சொல்லிவிட்டால், பிறகு நீங்கள் எவ்வளவு முகத்தைச் சுளித்தாலும் பயனில்லை. கணக்குத் தெரிந்த ஒருவர் மட்டும் உடன் இருந்தால் போதும்.

கடைசி விலை என்ன என்று கேட்டுத் தொடங்க வேண்டாம். அதற்கு வரும் பதில் கடைசியாக இருப்பதில்லை. மற்ற டீலரின் தாளை வைத்து, குறையக்கூடிய செலவுகளை மட்டும் கூட்டி, உங்கள் தொகையை நீங்களே சொல்லுங்கள்: “இன்சூரன்ஸ் இந்த விலை, ஹேண்ட்லிங் இல்லை, ஆக்சஸரீஸ் வேண்டாம், இன்வாய்ஸில் இவ்வளவு தள்ளுபடி; மொத்தம் இந்தத் தொகைக்கு வந்தால் இன்றைக்கே புக் செய்கிறேன்.” சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். நாமே நிரப்பும் மௌனத்தில்தான் ஐந்தாயிரம், பத்தாயிரம் என்று ஏறிவிடுகிறது.

“இருங்கண்ணே, மேனேஜர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துர்றேன்” என்று எழுந்து போனவர், திரும்பி வரும்போது பெரும்பாலும் பணமாகக் கொண்டுவர மாட்டார். தார்ப்பாய், சீட் கவர், முதல் சர்வீஸ் ஆயில் என்று பொருளாகக் கொண்டுவருவார். அவற்றின் விலைப் பட்டியல் மதிப்புக்கும் டீலருக்கு ஆகும் செலவுக்கும் நிறைய இடைவெளி உண்டு. பணத் தள்ளுபடி இன்வாய்ஸில் வரட்டும், பொருள் அதற்கு மேல் வரட்டும் என்று சொல்லுங்கள்.

கம்பெனி தரும் ஸ்கீம் வேறு, டீலர் தன் லாபத்திலிருந்து தரும் தள்ளுபடி வேறு. முதலாவது எல்லோருக்கும் கிடைப்பது. அதைத் தனிச் சலுகை போல நீட்டுவார்கள். “இது கம்பெனி ஸ்கீம் சரி, உங்கள் பக்கம் எவ்வளவு?” என்ற கேள்வியைக் கேட்காமல் எழுந்திருக்காதீர்கள். ஏற்கெனவே அதே கம்பெனி வண்டி வைத்திருப்பவருக்கும், ஒன்றுக்கு மேல் வாங்குபவருக்கும் தனி ஸ்கீம் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். உங்கள் வியாபாரிகள் சங்கத்தில் இரண்டு பேர் அதே மாதம் எடுக்கப்போவதாக இருந்தால், சேர்ந்து போவது நிச்சயம் பலன் தரும்.

தொகை படியவில்லை என்றால் நன்றி சொல்லிக் கிளம்பலாம். மாதக் கடைசியாக இருந்தால் போன் வரும்.

8. விலை முடிந்த பின் பழைய வண்டியும் கடனும்

புது வண்டியின் விலை தாளில் ஏறிய பிறகே பழைய வண்டியைக் கொடுப்பதைப் பற்றி வாய் திறக்க வேண்டும். முன்னதாகச் சொன்னால், பழையதற்குத் தாராளமாக விலை வைத்துப் புதியதில் தள்ளுபடியைக் குறைத்துவிடுவார்கள். அதற்கு முன்பே பழைய வண்டி வாங்கி விற்கும் ஆட்டோ கன்சல்டிங் கடைகள் ஓரிரண்டில் காட்டி விலை கேட்டு வைத்திருங்கள். எக்ஸ்சேஞ்ச் போனஸைச் சேர்த்தும் வெளி விலையை எட்டாவிட்டால் வெளியே விற்றுவிடலாம். பெயர் மாற்றம் முடிந்ததா என்பதை மட்டும் கண்காணிக்க வேண்டும்.

இப்போது கடன் தாளை எடுங்கள். கடன் ஏற்பாடு செய்து தருவதில் ஷோரூமுக்கும் ஒரு பங்கு கிடைப்பதால், உங்கள் வங்கி விகிதத்தை விடக் குறைவாகத் தர அவர்கள் முயலக்கூடும். தந்தால் எடுத்துக்கொள்ளலாம்; மொத்தத் திருப்பிச் செலுத்தும் தொகையையும், சத்தமில்லாமல் சேர்க்கப்படும் கடன் காப்பீட்டையும் ஒப்பிட்ட பிறகே எடுக்க வேண்டும்.

9. முன்பணம்

நிறுவனத்தின் கணக்குக்கு மட்டுமே அனுப்புங்கள். விற்பனையாளரின் சொந்த ஜிபே எண்ணுக்கு அனுப்புவது எவ்வளவு அவசரமானாலும் வேண்டாம். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கச் சட்டம் இடம் தருவதில்லை. ரசீதில் முடிந்த விலை, ரகம், நிறம், டெலிவரி தேதி, ரத்து செய்தால் திரும்பத் தரும் தொகை ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். ரசீதில் வெறும் ‘புக்கிங்’ என்று மட்டும் எழுதியிருந்தால், டெலிவரி நாளில் பேரம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

10. முழுப் பணம் கட்டும் முன் வண்டியைப் பாருங்கள்

பதிவு ஆன பிறகு குறை கண்டால் மாற்றித் தரமாட்டார்கள். அதற்கு முன்பே பார்த்தால் வேறு வண்டி கேட்கலாம், அல்லது விலையைக் குறைக்கச் சொல்லலாம். வெயில் இருக்கும்போது பாருங்கள்; மாலை விளக்கொளியில் பெயின்ட் வித்தியாசம் தெரியாது.

சேசிஸ் எண்ணை வண்டியிலும் இன்வாய்ஸிலும் ஒப்பிடுங்கள். படிவம் 21 என்ற விற்பனைச் சான்றிதழில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் இருக்கும். கொட்டேஷனில் உள்ளதோடு அது பொருந்த வேண்டும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு: 3225 என்றால் 2025ஆம் ஆண்டின் 32ஆம் வாரம். ஐந்து டயரும், ஸ்டெப்னி உட்பட, ஏறத்தாழ ஒரே காலத்தவையா என்று பாருங்கள். ஒன்று மட்டும் விலகி நின்றால் காரணம் கேளுங்கள். யார்டில் நெடுநாள் நின்ற வண்டியில் பேட்டரி முனைகளில் உப்புப் பூத்திருக்கும், தொட்டியின் மூலைகளில் துரு இருக்கும். மீட்டரில் சில பத்துக் கிலோமீட்டர் ஓடியிருப்பது இயல்பு. நூற்றுக்கணக்கில் இருந்தால் அது டெமோ வண்டியாக இருக்கலாம், அதற்கு விலை வேறு. ஜாக்கி, டூல்ஸ், இரண்டாவது சாவி இருக்கின்றனவா என்று எண்ணி வாங்குங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் மீதியைக் கட்டி இன்வாய்ஸ், இன்சூரன்ஸ், ஆர்டிஓ ரசீது ஆகிய மூன்றையும் பெறுங்கள். ஆர்டிஓ ரசீதில் உள்ள தொகையை நீங்கள் கட்டிய தொகையோடு ஒப்பிட்டு, மீதி இருந்தால் அன்றே கேட்டு வாங்குங்கள். ஆர்சி கைக்கு வந்ததும் பெயர், சேசிஸ் எண், மொத்த எடை, ஹெச்பி (கடனுக்கான அடமானம்) பதிவாகியுள்ள வங்கியின் பெயர் ஆகியவற்றைச் சரிபாருங்கள். தவறு இருந்தால் முதல் வாரத்திலேயே டீலரை வைத்துத் திருத்திவிடுவது எளிது.